உம்

"ஆறு மணிக்குள்ள அனுப்பணும்ண்ணா. இன்னிக்கும் 'உம்'முனு வந்தா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம்."

கிறிஸ்டினா ஹெட்ஃபோனைக் கழற்றி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஜெபாவிடம் நீட்டினாள். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. இப்போது அவள் குரலுக்கு அடியில் ஒரு வண்டு விடாமல் முனகியது.

"போன வாரம் எப்பிடி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு."

ஜெபா கேபிளை மாற்றினான். ஸ்பீக்கரைப் பிடுங்கினான். வண்டு போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டவன் விரலை உதறிக்கொண்டான்.

"லேசா ஷாக் அடிக்குதும்மா. ஊட்ல மாமனாரு இல்லியா?"

"ஆர்.கே.பேட்டைக்குப் பொண்ணு ஊட்டுக்குப் போய்ட்டாரு. நான் வேதக்காரப் பொண்ணுல்ல? கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எப்பவும் உம்முனுதான் இருப்பாரு."

"அவருக்கும் ஒரு கேபிள் மாத்திப் பாக்கலாமா?"

அவள் சிரிக்கவில்லை.

"பேசலன்னா போவட்டும். தெனம் கழனிலேர்ந்து வந்ததும், நான் உக்கார்ற இந்த ஜன்னலுக்குக் கீழ உப்பப் போட்டு ஒரு பக்கெட் தண்ணி ஊத்துவாரு. தீட்டு கழிக்கிறாரு. எத்தன நாளு பாத்துக்கினு இருக்கிறது? தேர்வாய் கண்டிகை கம்பெனில ஷிஃப்ட் முடிஞ்சு வந்த ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அவரு போயி கத்தினாரு. மாமா வாயே தொறக்கல. பையை எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. அஞ்சு நாளாச்சு."

ஜெபா சுவரில் இறங்கிய பச்சை ஒயரைப் பார்த்துக்கொண்டே வெளியே போனான். ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைக் கிளறினான். வெடித்துக் கிடந்த மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஒரு பக்கெட் தண்ணி குடும்மா."

மண் சத்தத்தோடு குடித்தது.

"இப்ப போய்க் கேளு."

ஹெட்ஃபோனை மாட்டினாள். வண்டு இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"இது எர்த் குழிம்மா," ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஜெபா சொன்னான். "காஞ்சு போனா கரண்டோட இரைச்சல் உள்ள வந்துடும். உப்பும் தண்ணியும் வுட்டு ஈரமா வெச்சிக்கணும். கழனில மோட்டார் ஓட்றவங்களுக்கு இது தெரியும்."

கிறிஸ்டினா ஜன்னல் வழியே எட்டி அந்த ஈர மண்ணைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள், பேசவில்லை.

"மாமா, குழி காஞ்சு போச்சு. எப்ப வரீங்க?"