வடக்கு வாசலில் தொங்கிய பூட்ஸ்

நல்ல அதிகாரி ஊரை விட்டுப் போகும்போது ஜனங்கள் அவர் பூட்ஸைக் கழற்றி வாங்கி, நினைவாகக் கோட்டை வாசலில் தொங்கவிடுவார்கள். சீனத்தில் பேரரசர் காலத்து வழக்கம் அது. குடியரசு வந்தபின் தளபதிகள்தான் ஆண்டார்கள். அவர்கள் போகும்போது பூட்ஸை யாரும் கேட்கவில்லை. அதனால் புதிதாக வந்த தளபதி குவோ, வந்த மறுநாளே தன் பூட்ஸைத் தொங்கவிடச் சொன்னார். ஊரே வரிசையில் நின்று அதை வணங்க வேண்டும்.

சூய்லானின் முறை வந்தபோது அண்ணாந்து பார்த்தாள். இடது பூட்ஸின் குதிகாலில், பழைய சேணத் தோலை வெட்டிச் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு. புருஷனுக்காக அவளே தைத்தது. பீரங்கி இழுக்க ஆள் வேண்டுமென்று அவனையும் கழுதையையும், ஊரைப் பிடிக்க வந்த குவோவின் சிப்பாய்கள் போன மாதம்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"பாத்துக்குங்க, தளபதி மேல இந்தம்மாவுக்கு எவ்வளவு பாசம்னு," என்றான் காவலுக்கு நின்ற அதிகாரி, வரிசையைப் பார்த்து. "எல்லாரும் இப்படித்தான் கும்பிடணும்."

அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஐயா, அந்த இடது பூட்ஸ் காலைக் கடிக்கும். இப்ப அதுவும் இல்லாம அவர் எப்படி நடக்கிறாரு?"

"அவர் எங்கம்மா நடக்கிறாரு? நாலு பேர் தூக்கிட்டுல்ல போறாங்க. நகரு."