சத்தம் போடும் பெட்டி

"இது நம்பகமானதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, தண்ணி புகாதா?"

நாலாவது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் புகைப்படக்காரர். கடலுக்கடியில் படம் எடுக்கும்போது கேமராவை உள்ளே வைத்துப் பூட்டுகிற ஹவுசிங் பெட்டி. இதே கேள்வியைக் கேட்டு முதல் மூன்றையும் ஓரம் தள்ளியாகிவிட்டது. ஐம்பத்தைந்து வயது, மை அடித்த தாடி, ஓரிடத்தில் நிற்காத கால்கள்.

"நாப்பது மீட்டர் ஆழம் தாங்கும் சார்," என்றார் கடைக்காரர்.

"இந்தப் பழசுக்கும் அப்படித்தான் சொன்னாங்க!" என்று கையோடு கொண்டுவந்த தன் பழைய பெட்டியை மேசைமேல் வைத்தார். "இந்த சீசன்ல ரெண்டு கேமரா நாசம். மூணாவதும் நனைஞ்சா வேற ஆளைப் பாத்துக்கிறோம்னு நான் படம் எடுத்துக் கொடுக்கிற கடல் ஆராய்ச்சி நிலையத்துல சொல்லிட்டாங்க. ஒன்பது மணிக்குப் படகு."

அப்போதே எட்டேகால்.

"பெட்டியை ஏன் குறை சொல்றீங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி. "நீங்க ஒழுங்காத்தான் மூடினீங்க. உள்ள துடைக்கலாம்னு நான்தான் மறுபடி திறந்துட்டேன்."

"கேட்டீங்களா? ரெண்டு தடவையும் இதே கதை! இவளுக்குக் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது."

கடைக்காரருக்கும் எரிச்சலாக வந்தது. புருஷன் பிழைப்பிலா விளையாடுவாள் ஒருத்தி?

"ஏம்மா, ஒரு தடவை பட்டது போதாதா?" என்று கேட்டேவிட்டார்.

அவள் குனிந்து கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

கடைக்காரர் கடைசியாக இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டுலயும் மூடினதும் உள்ள இருக்கிற காத்தை பம்ப் வெச்சு உறிஞ்சிடலாம். எங்கயாவது கசிஞ்சா கடல்ல இறங்கறதுக்கு முன்னாடியே காட்டிக் கொடுத்துடும். இதுல சிவப்பு விளக்கு எரியும். அதுல விளக்கோட சேர்ந்து சத்தமும் வரும்."

"விளக்கு போதும். நான் என்ன குருடனா?"

"சத்தம் போடறதே இருக்கட்டுங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு? ஊரைக் கூட்டவா?"

"எனக்காகத்தான். நான் மறுபடி திறந்துட்டா உங்களுக்குத் தெரியணுமில்ல?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுவும் சரிதான். இவளுக்குன்னே ஒரு அலாரம்! கட்டுங்க அதை."

அதற்குள் போன் அடித்தது. படகுக்காரர். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே புகைப்படக்காரர் வாசலுக்கு ஓடினார்.

புதுப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, கடைக்காரர் பழையதைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தின் குறுக்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒரு முடி. அரை விரல் நீளம்கூட இல்லை. நுனி கறுப்பு, அடி வெள்ளை.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இடுப்பு வரை பின்னல், மையே படாத முழு நரை. வாசலில் அவள் கணவர் போன் பேசியபடி தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இது..."

"தூக்கிப் போட்டுடுங்க," என்றாள் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "கிட்டத்துல இருக்கிற எதுவும் அவருக்கு இப்பச் சரியாத் தெரியறதில்ல. கண்ணாடி போடுங்கன்னா, என்னைக் கிழவன்ங்கிறியான்னு குதிக்கிறார். தன் கையாலதான் ரெண்டு கேமராவும் போச்சுன்னு தெரிஞ்சா அப்படியே உடைஞ்சு போயிடுவார். கடலை விட்டா அவருக்கு வேற எதுவும் இல்லைங்க."

கடைக்காரருக்குத் தான் கேட்ட கேள்வி இப்போது சுட்டது.

"அப்ப, நீங்க மறுபடி திறந்தேன்னு சொன்னது?"

வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"அதை எந்தப் பக்கம் திறக்கணும்னே எனக்குத் தெரியாதுங்க."