யாரும் ஏற்றாத தாலாட்டு

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, வீட்டுக்கென்று ஒரு பாட்டு சர்வர் வைத்திருந்தார் எலக்ட்ரீஷியன். எந்த அறையில் இருந்தாலும் போனைத் தட்டினால் பாட்டு வரும். அதில் இருந்ததெல்லாம் அவரே ஏற்றியவை, ஒரு தாலாட்டைத் தவிர. அதை அழித்தார், மறுநாள் திரும்ப வந்திருந்தது. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு குழந்தை வீறிட்டு அழ, ஒரு பெண் பாடினாள்.

"உங்க அக்கா குரலாச்சே!" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"நான் பாடினா தெரு நாய்கூட ஊரைக் காலி பண்ணிடும். எந்தக் குழந்தைக்குடா நான் பாடப்போறேன்?" என்று சிரித்துவிட்டு வைத்தாள் அக்கா.

மனைவி சிரிக்கவில்லை. "காலையிலதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

ஒரு குழந்தைக்காக எத்தனை வருஷத் தவம்! அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளை இறுக அணைத்துக்கொண்டார். அப்போது ஸ்பீக்கரில் பாட்டு நின்று, அக்காவின் குரல் பேசியது.

"அழாதே கண்ணு. அம்மா இல்லாட்டி என்ன, அத்தை நான் இருக்கேன்ல."

"என்ன சொல்றாங்க? சரியா கேக்கலையே," என்றாள் மனைவி, அவர் தோளில் முகம் புதைத்தபடி.

"ஒண்ணுமில்ல, பாட்டுத்தான்," என்றார் அவர். அணைத்த கையை எடுக்கவில்லை.