ஒரு பொய் சொன்னால் என்ன?

“லோரெய்ன், உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

வாசல்லயே கேட்டேன். பூட்ஸ்ல ஒட்டின பனியைக்கூடத் தட்டலை.

பின்னே என்ன? ஊரே ஆடிப்போயிருக்கு. ரைவிஸ், லாட்வியாவுலேர்ந்து ஐஸ் ஹாக்கி ஆட வந்த பதினேழு வயசுப் பையன். இவ வீட்டுலதான் தங்கிச் சாப்பிடறான். இன்னிக்கு சாயங்கால மேட்ச்சுக்கு டெட்ராய்ட் டீமுக்கு ஆள் பிடிக்கிறவங்க வர்றதே அவனைப் பார்க்கத்தான். பிடிச்சுப்போனா பெரிய லீக். அவன் தலையெழுத்தே மாறிடும்.

இந்த மகராசி என்ன பண்ணியிருக்கா? கோச் கிளெமுக்கு போன் போட்டு, “ரைவிஸ் இன்னிக்கு ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டான்”னு போட்டுக் கொடுத்திருக்கா.

மட்டம் போட்டவன் அன்னிக்கு ஆடக்கூடாது. லீக் சட்டம். மீறினா கிளெம் வேலைக்கே உலை.

என் வீட்டுலயும் இதே டீம்ல ஆடற ஒரு ஸ்வீடன் பையன் தங்கியிருக்கான். அவன் தூங்கிட்டா நானே ஸ்கூலுக்கு போன் போட்டு “காய்ச்சல்”னு சொல்லிடுவேன். பசங்களை வச்சிருக்கிற எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். காலையில காய்ச்சல்ல படுத்தவன் சாயங்காலம் ஐஸ்ல எப்படிப் பறக்கிறான்னு எவனும் கேட்டதில்லை.

“ஒரு பொய் சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?”

“மெதுவா பேசு. உள்ள தூங்கறான்.”

“அவன் அம்மா அங்க மீன் ஃபாக்டரியில நின்னு நின்னு காலே வீங்கிக் கிடக்கா. நீ பெத்த பிள்ளைன்னா இப்படிப் பண்ணுவியா?”

லோரெய்ன் காபியை ஊத்தினா.

“காலையில கஞ்சி வச்சேன். என்னைப் பாத்து, ‘நீங்க யாரு?’ன்னு கேட்டான். ரெண்டு வருஷமா என் கையால சாப்பிடறவன்.”

நேத்து மேட்ச்ல சுவத்துல தலை மோதி விழுந்தானே, அதுதான். உடனே எழுந்து கோல் போட்டான். நாங்களும் கையைத் தட்டினோம்.

“ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு ஓடினேன். மூளை குலுங்கியிருக்காம். இன்னிக்கு இன்னொரு இடி பட்டா பொழைக்கிறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அடிப்பாவி, அதை கிளெம்கிட்ட சொல்றதை விட்டுட்டு ஸ்கூலை ஏன்டி இழுத்தே?”

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா.

“முதல்ல அதைத்தான் சொன்னேன். ‘தலையில அடி படாத ஹாக்கிக்காரன் எவன்? ரெண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பு’ன்னான். அப்புறம்தான் மட்டம் போட்டுட்டான்னேன். ‘ஐயையோ, அது தப்பாச்சே’ன்னு உடனே பேரை எடுத்துட்டான்.”