குமிழி போன பக்கம்

என்னை முதலில் அவமானப்படுத்தியது அந்த வீட்டு வரைபடம்தான்.

நான் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கிறது. என் படிப்பு அவ்வளவுதான். புது வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் ஓடத் தரையின் வாட்டம் சரியா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். படுத்துப் பார்த்தேன். குமிழி வடிகால் பக்கம் நகர்ந்தது.

“பாத்தியா! வடிகாலுக்குத்தான் போகுது. தண்ணியும் அங்கதான் போகும். ஒட்டுப்பா” என்று சாந்துக்கரண்டியிடம் சொன்னது வரைபடம்.

“குமிழி மேட்டுக்குத்தாங்க போகும். வடிகால் பக்கம் மேடா இருக்கு. தண்ணி படுக்கையறைக்குள்ள வந்துடும். ஒட்டினா உடைக்கணும்” என்றேன்.

“என்மேல நாலு பேர் கையெழுத்து இருக்கு. உன்மேல என்ன இருக்கு? காஞ்ச சிமெண்ட்!”

கரண்டி சிரித்துக்கொண்டே, “சார் சொன்னா சரிதான்” என்று ஒட்டி முடித்தது.

மூன்றாம் நாள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். அது வடிகாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கதவைத் தாண்டி வந்து, படுக்கையறைத் தரையில் விரிந்து கிடந்த வரைபடத்தைத்தான் முதலில் நனைத்தது.

டைல்ஸ் அத்தனையையும் உடைத்தார்கள். கொடியில் காய்ந்துகொண்டே வரைபடம் கரண்டியிடம், “நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன்” என்றது. கரண்டி தலையாட்டியது.

அதன்பின் எட்டுக் குளியலறை முடித்துவிட்டோம். ஒவ்வொன்றிலும் நான் படுத்து எழுந்த பிறகுதான் வரைபடம் வாயைத் திறக்கிறது. எட்டிலும் தண்ணீர் ஒழுங்காக வடிகாலுக்குப் போகிறது.

“நீ சொன்னது சரி” என்ற ஒரு வார்த்தை மட்டும் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. வரட்டும், நான் மறக்கிற ஆள் இல்லை.