தும்பி எண்ணும் பத்து நிமிடம்

அவன் அவளுடைய துப்பட்டா நுனியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

வேண்டுமென்று இல்லை. குளக்கரைச் சிமெண்டுப் பலகையில் இடம் அவ்வளவுதான்.

"எட்டு. ஒம்பது," என்றான்.

அவள் எழுதினாள்.

ஞாயிறு காலை, புறநகர்ப் பூங்காவில் தும்பிக் கணக்கெடுப்பு. தனியாக வருவதாகத்தான் இருந்தாள். பெண்டாட்டி தனியாக எங்கே போகிறாள் என்று பார்க்க அவனும் பெயர் கொடுத்துவிட்டான். நடத்துகிற பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். இருவரையும் ஒரே அணியில் போட்டுவிட்டாள்.

நல்ல மனசு. அவளுக்கு அழுகை வந்தது.

பின்வாசலில் அக்கா ஆட்டோவோடு நிற்கிறாள். ஏழரை வரை நிற்பாள். கீழ்வீட்டுப் பெண்ணின் போனில் பேசி வைத்தது. இவளுடைய போன் அவன் சட்டைப்பையில்தான் எப்போதும்.

ஏழு இருபது.

அணியில் ஒருவர் பார்க்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். பார்ப்பவர் பத்து நிமிடம் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

"நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான் கண்ணு கூர்மை," என்றிருந்தாள்.

மூன்று வருடத்தில் அவள் சொல்லி அவன் கேட்டது இது ஒன்றுதான். விதி என்றால் அவனுக்கு உயிர். வீட்டில் அவன் போட்டதே ஏகப்பட்டது.

மஞ்சள் தும்பி ஒன்று தன் ஜோடியின் தலையை வால்நுனியால் பற்றியபடி பறந்தது. முட்டையிடத் தண்ணீரைத் தொடும்போதும் விடவில்லை.

"ஜோடி. பத்து, பதினொண்ணு."

எழுதினாள்.

துப்பட்டாவை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

தோளிலிருந்து நழுவ விட்டாள். தாளைப் பலகையில் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தாள். எழுந்தாள்.

"பன்னெண்டு. எழுதிட்டியா?"

"ம்."

அவன் திரும்பவில்லை.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்மேல் நடந்தாள். ஓடவில்லை. மூங்கில் புதரைத் தாண்டும்வரை உயிர் அவளிடம் இல்லை. பின்னால் அவன் குரல் பதின்மூன்று என்றது. கொஞ்சம் பொறுத்துப் பதினாலு.

பின்வாசல் திறந்துதான் இருந்தது.

அக்கா நகர்ந்து இடம் விட்டாள். ஆட்டோ கிளம்பிப் பெரிய சாலைக்கு வந்துவிட்டது. அவள் கம்பியோடு ஒட்டி, முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

அக்கா அதைப் பார்த்தாள்.

"இன்னும் யாருடி வரணும்?" என்றாள்.