தோள் அளவு

"ஹாண்டிலுக்கு நாற்பது காணும் அண்ணை," என்றான் சைக்கிள் கடை நிரோஜன்.

"காணாது. நாற்பத்தாறு போடு," என்றார் ஜனார்த்தனன்.

பிரஷாந்தினி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிசனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு வீம்பு?

ஜனார்த்தனனுக்குச் சீனி வருத்தம். "நாளாந்தம் சைக்கிள் ஓடினால் தப்பலாம். இல்லாட்டி இன்சுலின் ஊசிதான்," என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊசியைப் படத்தில் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவர் மறுநாளே சைக்கிள் தேடத் தொடங்கிவிட்டார். கொழும்பிலிருந்து ஒரு பழைய ரேசிங் சைக்கிள் அகப்பட்டது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல முன்னால் போய்க் கீழே வளைகிற ஹாண்டில். அது நெளிந்துபோய் இருந்ததால், புதிதாக ஒன்று மாட்டுவதற்குத்தான் கிளிநொச்சிக்கு வந்திருந்தார்கள்.

"அண்ணை, இந்த மாதிரி ஹாண்டில் உடம்புக்கு அளவா இருக்க வேணும்," என்று நிரோஜன் விளக்கினான். "ஒரு தோள் எலும்பிலயிருந்து மற்றத் தோள் எலும்பு வரைக்கும் எத்தினை சென்ரிமீற்றரோ, அதுதான் ஹாண்டிலின்ர அகலம். கூடினால் கை ரெண்டும் விரிஞ்சு, கழுத்துப் பிடிக்கும், விரல் விறைக்கும். உங்கட மணிக்கட்டைப் பாத்தாலே தெரியுது, நாற்பதுக்கு மேல போகாது. சட்டையைக் கழட்டுங்கோ, அளந்து பாப்பம்."

"ஏன் கழட்டுவான்? இது என்ர மனிசி தைச்ச சட்டை. தோள் பதினெட்டு இஞ்சி. சென்ரிமீற்றருக்கு மாத்திப் பார், நாற்பத்தாறு வரும்."

பிரஷாந்தினியிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கிற சிவரூபி பக்கத்தில் மகனின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றாள்; தலையை நிமிர்த்தினாள். "பிரஷாந்தினி அக்கா வெட்டினா ஒரு நூல் பிசகாது தம்பி. அந்த அளவையே நம்பிப் போடலாம்."

பிரஷாந்தினிக்கு வியர்த்தது. அந்தப் பதினெட்டு இஞ்சியில் எவ்வளவு தோள், எவ்வளவு ஸ்பொஞ்ச் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கலியாண வீட்டில் அவளுடைய சித்தி எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்: "மாப்பிள்ளையைக் கொடியில காயப்போட்ட மாதிரிக் கிடக்கு." அடுத்த கிழமையே அவருக்கு ஒரு புதுச் சட்டை தைத்தாள். தோள் இரண்டிலும் துணிக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய ஸ்பொஞ்ச். அதைப் போட்டுக்கொண்டு அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததைப் பார்த்தபிறகு, ஸ்பொஞ்ச் இல்லாமல் ஒரு சட்டை தைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாவம், மனிசன் தன்னை வீமன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, தம்பி சொல்லுற மாதிரி நாற்பதையே போடுங்கோவன்," என்றாள் மெதுவாக.

"நீர் பேசாமல் இரும்."

நாற்பத்தாறு மாட்டப்பட்டது.

மறுநாள் இரணைமடு வாய்க்கால் ரோட்டில் ஜனார்த்தனன் புறப்பட்டார். கை இரண்டும் பரந்து, குளத்துக் காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனார். எதிரே வந்த சிநேகிதர் மயில்வாகனம் தன் சைக்கிளை ஓரம் கட்டினார்.

"என்ன ஜனா, ஆரைக் கட்டிப்பிடிக்கப் போறாய்?"

"காத்து வாங்கிறன்."

"வாங்கு வாங்கு. எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

ஒரு கிழமை போவதற்குள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டாம் கிழமை விரல்கள் விறைத்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மூன்றாம் கிழமை சைக்கிள் சுவரில் சாய்ந்துகொண்டது.

"எனக்குச் சரிவராது. இதை வித்துப்போடுவம்," என்றார் அவர், தைலம் பூசிய கழுத்தைத் திருப்பாமலே.

"அப்ப ஊசி?"

அவர் சுவரில் நின்ற சைக்கிளைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார்.

பிரஷாந்தினி தையல் மெசினை நிறுத்தினாள். ஊரெல்லாம் தன்னை வீமன் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக ஊசி வரைக்கும் போகிற வீம்பை இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு மனம் நொந்தால் நோகட்டும்.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது."

"சொல்லும்."

"உங்கட தோள் பதினெட்டு இல்லை. பதினைஞ்சரைதான். மிச்சம்... நான் உள்ளுக்க வைச்ச ஸ்பொஞ்ச்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"தெரியும்," என்றார் ஜனார்த்தனன்.

அவள் நிமிர்ந்தாள். "எப்ப தொடக்கம்?"

"நீர் தைச்ச முதல் சட்டையோடயே. மழையில நனைஞ்சு வந்து கொடியில போட்டன். சட்டை முழுக்கக் காய்ஞ்ச பிறகும் தோள் ரெண்டும் சொட்டிக்கொண்டு கிடந்தது."

"ஐயோ... அப்ப ஏனப்பா ஒண்டும் கேக்கேல்லை?"

"நீர் ஆசையா வைச்சுத் தைக்கிறீர். இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டன்."

"அது சரி. எல்லாம் தெரிஞ்சுகொண்டு கடையில நாற்பத்தாறுதான் வேணும் எண்டு ஏன் அடம்பிடிச்சனீங்கள்? நாற்பதைப் போட்டிருந்தா இந்தக் கழுத்துப் பிடிப்பு வந்திருக்குமே?"

ஜனார்த்தனன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பக்கத்தில சிவரூபி நிண்டவா. மகளின்ர கலியாணச் சட்டைத் துணியை உம்மட்டத் தந்திட்டு நிக்கிற மனிசிக்கு முன்னால, உம்மட அளவு பிழையெண்டு நானே காட்டுறதே?"